சலவை வண்டியின் தண்ணீர்ப் புட்டி

ஒருவர் பாடுபட்டுச் செய்த கருவி எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் அதைச் செய்த பிறகுதான் அவர் பிழைப்பு நிமிர்ந்தது. அப்படியானால் அந்தப் பாடு வீண்தானா? சலவை வண்டிக்காரரின் கதையில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை.

விடுதிகளின் அழுக்கு விரிப்புகளைச் சலவைக்கூடத்துக்கு ஏற்றிவருவதும், வெளுத்தவற்றைத் திருப்பிக் கொடுப்பதும் அவர் வேலை. வண்டி சொந்தம். பெட்ரோலும் அவர் செலவு. விலை ஏற ஏற, வண்டியை விற்றுவிட்டுக் கூடத்துக்குள் தேய்ப்பு இயந்திரத்தின் முன் நிற்கவேண்டிய நாள் நெருங்கியது. அந்த ஆவியில் நிற்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் எரியும் வாயு வரும், அதை இன்ஜினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் மிச்சம் என்று எங்கேயோ கேட்டுவந்தார். எவர்சில்வர் தகடுகளை வெட்டி, இடையில் பிளாஸ்டிக் வளையங்கள் கொடுத்து, அகலவாய்ப் புட்டிக்குள் இறக்கினார். முதலில் உப்புப் போட்டார். கழிவறை மருந்து வாடை அடித்து, தகடு அரித்துத் தண்ணீர் சேறானது. சலவைச் சோடாவுக்கு மாறினார். தகடுகள் நெருக்கமாக இருந்ததில் புட்டி சூடேறி இளகியது. இடைவெளியைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து.

“வீட்டுல குடிக்கத் தண்ணி பிடிக்க ஆளைக் காணோம். வண்டிக்குத் தண்ணி காட்டுறாரு,” என்றாள் மனைவி, காலை நீட்டி உட்கார்ந்தபடி.

“காட்டுனாத்தான் ஓடும்.”

“ஓடட்டும். உங்களுக்கும் அதையே ஒரு டம்ளர் ஊத்திக்கோங்க. அடுப்பு மூட்ட எனக்குத் தெம்பு இல்ல.”

கடைசியில் புட்டியைப் பொருத்தியதும் வண்டி ஓடியது. அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் ஓடியது. விற்கும் பேச்சு நின்றது.

வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் மைத்துனன்தான் புட்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவன். அவன் வந்தபோது அவர் பெருமையாகச் சொன்னார்: “இப்பல்லாம் தண்ணிகூடக் குறையறதில்ல மாப்ளே. ஊத்தவே வேண்டாம்.”

“குறையலன்னா எப்படி மாமா? வாயுவா மாறுனா தண்ணி குறையணுமே.”

போய்ப் பார்த்தான். புட்டிக்குப் போகும் ஃபியூஸ் எப்போதோ கருகியிருந்தது. அது செருகியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“அப்போ பெட்ரோல் எப்படி மிச்சமாச்சு?”

“உங்க கால்தான் மாமா. புட்டி குலுங்கிடும்னு பயந்து பயந்து மிதிக்கிறீங்க. முன்னாடி உங்க வண்டியில ஏறவே அக்கா யோசிப்பாங்க.”

“ஃபியூஸ் மாத்திட்டா?”

“அந்த மின்சாரமும் இன்ஜின்ல இருந்துதானே வருது. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்குற கதை. அதுலயும் கொஞ்சம் சிந்தும்.”

அவர் அழுக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை, உடம்பில் அத்தனை மாதத்து அசதி மட்டும் இருந்தது.

மறுநாள் கூடத்து வாசலில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் அவரைப் பிடித்துக்கொண்டான். அவனும் வண்டிக்காரன், வண்டியைப் பறக்கவிடுவான். “அண்ணே, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. இல்லன்னா இந்த மாசத்தோட வித்துடணும்.”

“மெதுவா ஓட்டிப் பாரேன். அதுவே போதும்.”

“அதைத்தான் எங்க வீட்டுல தினமும் சொல்றாங்களே,” என்று சிரித்தான் நெட்டை.

அவர் தகடு வெட்டினார். ஒரு வளையம்கூடப் பிசகாமல் புட்டியைக் கட்டி, காசு வாங்காமல் நெட்டையின் வண்டியில் பொருத்தினார். ஃபியூஸ் மட்டும் செருகவில்லை. “குலுங்கினா போச்சு. பாத்து ஓட்டு,” என்றார். நெட்டை தலையாட்டினான், வாசலைத் தாண்டும்போதே வண்டி பெட்டிப் பாம்பாக ஊர்ந்தது. அது ஏமாற்றா, உதவியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிறகு அவர் கடைக்குப் போய் ஒரு புது ஃபியூஸ் வாங்கிவந்தார். தன் வண்டியில் பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்து, அதைச் செருகினார். “செலவு கூடத்தான் செய்யும், எதுக்கு மாமா?” என்று மைத்துனன் கேட்டான். பிறகு மனைவியும் கேட்டாள். அவர் கடைசிவரை யாருக்கும் காரணம் சொல்லவில்லை.