அழகி என்றால் அன்று

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் போன வாரம் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘எங்க வூட்டு அழகிக்கு முதல் பிறந்தநாள்’ என்று. பல் முளைக்காத குழந்தை, தலையில் காகிதக் கிரீடம். போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் குழந்தை கண்ணில் படவில்லை, அந்தச் சொல்தான் பட்டது. வயதானால் இப்படி ஒரு கோணல் புத்தி வந்துவிடுகிறது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுபதுகளில் மாலைப் பேப்பரில் ‘அழகி’ என்று போட்டால், விபசார வழக்கில் போலீஸ் பிடித்த பெண் என்று அர்த்தம். ‘அழகிகள் கைது’ என்று கொட்டை எழுத்தில் வரும். டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள். அதனாலேயே எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையை யாரும் அழகி என்று சொல்ல மாட்டார்கள். லட்சணமாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். அந்த வாசனை கையை விட்டுப் போகாது; சோறு பிசைந்தால் சோறும் சோப்பாக மணக்கும். பக்கத்து மேஜையில் பிலோமினா. ராயபுரத்துப் பெண், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. அவளுக்கு ஒரு ரயில்வேக்காரப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு அப்படி அறிவித்த பிறகுதான் கல்யாணம்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், கல்யாண முக்காட்டுக்கு லேஸ் வாங்க பாரிஸ் கார்னர் போனாள். திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றவளை, அங்கே நின்ற வேறு சில பெண்களோடு சேர்த்துப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை அப்பா போய் அழுது, கம்பெனி அட்டையைக் காட்டி அழைத்து வந்தார். தவறாகப் பிடித்துவிட்டோம் என்று அவர்களே சொன்னார்களாம். ஆனால் அன்று மாலைப் பேப்பரில் வந்துவிட்டது. பெயர், வயது, தெரு எல்லாம்.

அவள் அப்பாவுக்குத் துணையாக நானும் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த உதவி ஆசிரியர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். போலீஸ் கொடுத்த பெயரைத்தான் போட்டோம் என்றார். வேறு வார்த்தை போட்டால் அசிங்கமாக இருக்கும், மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் அழகி என்று போடுகிறோம் என்றும் சொன்னார். பிலோமினாவின் அப்பா டீயைத் தொடவில்லை.

“எம் பொண்ணு அது இல்லன்னு போடு நைனா. அது போதும்,” என்றார்.

உதவி ஆசிரியர் போடுகிறேன் என்றார், போட்டும்விட்டார். சனிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்தது: ‘கைதான அழகி விடுதலை.’

ஞாயிறன்று கோயிலில் இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கே வந்து, பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உம் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியுது கண்ணு. தெருவுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறக்காமலே சொன்னாள்: “எங்கம்மா கூட என்னிய அழகின்னு சொன்னதில்லடி. பேப்பர்காரன்தான் சொல்லிகீறான்.”

தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் லோடு ஏற்றுகிறவர்கள் கம்பெனி கேட் அருகே அவளை அந்தச் சொல்லால் கூப்பிட ஆரம்பித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு, கோலார் தங்கவயலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு இல்லை.

அந்தப் பேப்பர் நின்றுபோய்விட்டது. சோப்புக் கம்பெனி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கோலாரில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்களாம். அங்கிருந்து பிலோமினா எங்கே போனாள் என்று கேட்க, ராயபுரத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் ஒருவரும் இப்போது இல்லை.