முதல் நாளே சொன்னாள்

போன வருடம் ஆனி மாதம், பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியை நான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் கட்டிடத்துக்கே தெரியும். அதை ஒரு பெருமையாக வேறு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது இருபத்தாறு இருக்கும். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் தனியாக பஸ் ஏறி வருவாள். பரீட்சை எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கி வேலைக்கு வந்தவள். மக்கள் அனுப்பும் மனுக்களைக் கணினியில் படித்து, எது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு அவள் வேலை செய்வதைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். அவ்வளவு வேகத்தில் அதைப் பேச விட்டுக் கேட்பாள்.

எங்கள் கண்காணிப்பாளருக்கு அவள் வந்ததே பிடிக்கவில்லை. “இந்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா மனு வேல? அங்கன டெலிபோன் சீட்டு காலியாத்தான கெடக்கு. போன எடுத்துப் பேசத் தெரிஞ்சா போதும்லா” என்று என்னிடமே சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பரீட்சை எழுதினவள் போன் எடுக்கவா வந்தாள்? அவர் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுத்தேன். முதல் நாளே மூன்று குறை சொன்னாள். நாற்காலி ஆடுகிறது, விசைப்பலகையில் ஒரு விசை ஒட்டிக்கொள்கிறது, “அப்புறம் தேதி தப்பா சொல்லுதுக்கா.” நாற்காலியை மாற்றினேன், விசைப்பலகையை மாற்றினேன். மூன்றாவதுக்கு, “தேதியப் பாத்து என்ன, கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போறியா?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனேன். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கணினிகளில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அதில் ஆங்கிலக் குரல் நன்றாகப் பேசும். தமிழ்க் குரல் என்று இருந்தது, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேசியது. மனுவில் பாதி அவளுக்குப் புரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மேலதிகாரி நேரில் வருகிறார், அவர் முன்னால் இந்தப் பெண் நாலு மனுவைப் படித்துப் பிரித்துக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் திங்கட்கிழமை முதல் டெலிபோன் சீட் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

நல்ல தமிழ்க் குரல் ஒன்றைத் தன்னார்வலர்கள் சிலர் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். ஆனால் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அதன் நிரலை இறக்கி, நம் கணினியிலேயே கட்டளை கொடுத்து, உதிரி உதிரியாக இருப்பதை ஒன்றாகச் சேர்த்து உருவாக்க வேண்டும். பில்ட் செய்வது என்போம். நான் வீட்டில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தேன். அந்த அலுவலகக் கணினிகளுக்கு வெளி இணையம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கணினியில் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வரிகள் சரசரவென்று ஓடின. கடைசியில் ‘எரர் 2’ என்று சொல்லி நின்றது. அவ்வளவுதான். என்ன பிழை, எங்கே பிழை, ஒன்றும் கிடையாது. அந்தக் கடைசி வரியை அப்படியே என் செல்போனில் அடித்துத் தேடினேன். உலகத்தில் இருக்கிறவன் எல்லாம் ஒவ்வொரு வைத்தியம் சொல்லியிருந்தான். கம்பைலர் என்ற கருவியை மாற்று என்றான் ஒருவன், மாற்றினேன். பழைய பதிப்பைப் போடு என்றான் இன்னொருவன், போட்டேன். முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்றான் ஒருவன், அதையும் செய்தேன். எல்லாம் முடிந்தபிறகு அதே ‘எரர் 2’. அந்தத் திரையை ஒரு குத்து விடலாமா என்றிருந்தது.

புதன்கிழமை, ஓடிய வரிகள் முழுவதையும் ஒரு ஃபைலில் சேமித்தேன். இரண்டாயிரம் வரிக்கு மேல் இருந்தது. அதில் கடைசி இருபது வரியை மட்டும் எடுத்து ஓர் இணைய மன்றத்தில் போட்டு உதவி கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார். கடைசி வரியைப் பார்க்காதீர்கள், முதல் வரியிலிருந்து படியுங்கள், முதலில் வரும் பிழைதான் உண்மையான பிழை என்றார். எனக்கு வந்ததே கோபம்! பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், எனக்குப் படிக்கச் சொல்லித் தருகிறான் பார் என்று வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு பதில் எழுதினேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நானும் முதல் வரியிலிருந்து படிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் வந்துவிட்டது. கண்காணிப்பாளர் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, “என்னம்மா, முடிஞ்சிருமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. நான் டெலிபோன் சீட்டத் தொடச்சி வைக்கச் சொல்லுதேன்” என்றார். அவர் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று நாளாகிவிட்டதே. மறுபடியும் அதே கட்டளையைத் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அவள் பக்கத்தில் வந்து, “எக்கா, அந்த ஃபைல நான் ஒரு தடவ மேலேருந்து கேட்டுப் பாக்கட்டுமா?” என்றாள்.

கண்காணிப்பாளர் மேல் வந்த கோபம் முழுவதும் அவள் மேல் இறங்கியது. “கண்ணு தெரிஞ்ச எனக்கே மூணு நாளா வெளங்கல. நீ கேட்டு என்னத்தக் கிழிக்கப் போற?” என்று கத்தினேன்.

கண்காணிப்பாளர்கூட செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது.

“கண்ணு தெரியாதுதாங்க்கா. காது கேக்கும்லா” என்றாள்.

நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அதைத்தான் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என்ன திமிர் பேச்சு என்றுதான் தோன்றியது.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் சேமித்து வைத்திருந்த அந்த இரண்டாயிரம் வரியையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் கண்ணால் பார்க்கிறவர்கள் சர்ரென்று கடைசிக்குத் தாவிவிடுவோம். அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. முதல் வரியில் தொடங்கினால் இரண்டாவது வரி, இரண்டாவதுக்குப் பிறகு மூன்றாவது வரி. என் காலடிச் சத்தம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றினாள்.

“நாப்பதாவது வரியிலயே சொல்லிருச்சுக்கா. புதுசா உண்டாக்குன ஃபைலு, நீங்க கொண்டாந்த ஃபைல விடப் பழசா இருக்காம். உன் கடிகாரத்தச் சரிபாருன்னு சொல்லுது. அங்கனயே ஒரு துண்டு நின்னுபோச்சு. அது இல்லாமயே மத்ததெல்லாம் ஓடி, கடைசில வந்து விழுந்திருக்கு.”

நான் திரையில் நாற்பதாவது வரியைத் தேடிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

“நான் வந்த மொத நாளே சொன்னேம்லா, தேதி தப்பா சொல்லுதுன்னு? நீங்க என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் ஞாபகம் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

கணினியை அணைத்த பிறகும் அதற்குள் இருக்கும் கடிகாரம் ஓடுவதற்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கும், ஒரு ரூபாய்க் காசு அளவு. அது செத்துப்போனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் சாயங்காலம் மெயினையே அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். ஆகவே தினமும் காலையில் அந்தக் கணினிக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய தேதிதான். நான் கொண்டுபோன ஃபைல்கள் எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. புதிது பழையதாகவும் பழையது புதிதாகவும் தெரிந்தால் அது எப்படி வேலை செய்யும்?

இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த பேட்டரி செத்துப்போனதும் எனக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும். முன்னால் அந்தக் கணினியை வைத்திருந்தவர் தேதி தப்பு, தேதி தப்பு என்று தினமும் என் உயிரை எடுத்தார். பேட்டரி வாங்கப் போகச் சோம்பல். அந்தச் சமயத்தில்தான் இவள் வந்தாள். அவருக்கு வேறு கணினி கொடுத்துவிட்டு இதை இவளிடம் தள்ளிவிட்டேன். இவளுக்குத்தான் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் தெரியப் போவதில்லையே என்று நினைத்தேன். இப்படித்தான், இதே வார்த்தைகளில் நினைத்தேன். டெலிபோன் சீட் போதும் என்று சொன்ன மனுஷனிடம் நியாயம் பேசின அதே வாரத்தில்!

உட்கார்ந்து தேதியைக் கையால் மாற்றினேன். மறுபடி கட்டளை கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பிழை இல்லாமல் முடிந்தது. மூன்று நாள் நான் ஆடின ஆட்டத்துக்குப் பத்து நிமிடம். குரல் வந்ததும் அவள் ஒரு விசையை அழுத்தினாள். சுத்தமான தமிழில் அது அன்றைய தேதியைச் சொன்னது. வேறு எதையும் சொல்ல வைக்கவில்லை அவள், அதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பேட்டரி இல்லாவிட்டாலும் இனி அந்தக் குரல் பேசும். ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். ஆறு மாதமாக என்னால் முடியாத அந்த வேலைக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது, ஆற்றுப்பாலம் பக்கத்து நெரிசலையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். அவள் நான்கு மனுவையும் கேட்டாள். ஒன்று ஊருக்கு பஸ் நிற்கவில்லை என்பது, இன்னொன்று வாய்க்காலில் குப்பை என்பது. சடசடவென்று பிரித்து அனுப்பினாள். ஐந்தாவதாக ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார், அதையும் அனுப்பினாள். அவர் அசந்துபோய், “இது யாரு செஞ்சது?” என்று கேட்டார்.

கண்காணிப்பாளர் என்னைக் காட்டி, “இந்தம்மாதான் சார், மூணு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்சாங்க” என்றார். முந்தின நாள் டெலிபோன் சீட்டைத் துடைக்கச் சொன்ன அதே வாய்! மேலதிகாரி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “ரொம்ப நல்ல காரியம்மா” என்றார்.

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பிழையைக் கண்டுபிடித்தது அவள்தான் என்று சொல்லியிருந்தால் போதும். எதற்கெடுத்தாலும் பாயும் என் வாய், அந்த அரை நிமிடம் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போனபிறகு அவள் மேசைக்குப் போனேன். என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க எதாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க்கா. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.”

அவ்வளவுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த மனுவுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கண்காணிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பேட்டரி விஷயத்தையும் சொன்னேன். “அதான் முடிஞ்சிபோச்சேம்மா, இப்ப எதுக்கு?” என்றார் அவர். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததை மூன்று நாள் கழித்துச் சொன்னால் அது ஊசிப்போன குழம்புதான், யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்த மன்றத்துக்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வரவும் வேண்டாம்.

அவள் இன்றும் அதே இருக்கையில்தான் இருக்கிறாள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள், ‘எக்கா’ என்று மட்டும் இப்போது கூப்பிடுவதில்லை, ‘மேடம்’ என்கிறாள். நானும் இப்போது பிழை வந்தால் முதல் வரியிலிருந்து படிக்கிறேன், யாராவது குறை சொன்னால் நோட்டில் எழுதி அன்றைக்கே பார்த்துவிடுகிறேன். என் கோபம் குறைந்துவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். குறையவில்லை, முன்பு ஊரில் உள்ளவர்கள் மேல் எல்லாம் பாய்ந்த கோபம் முழுவதும், அந்த வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டு நின்றாளே ஒருத்தி, அவள் மேல்தான் இருக்கிறது. அது ஆறவே கூடாது என்றுதான் நினைக்கிறேன்.