விழுகிறவனின் கெத்து

சந்திரிகாவும் அவள் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அரைக் கிலோ சங்கரா வாங்கியது. மீன்காரி ஹம்சா செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

அப்பா சண்முகவேல் முப்பது வருடமாக சினிமாவில் அடி வாங்குகிறவர். விலா எலும்பு மூன்று, தோள்பட்டை ஒன்று உடைந்து கூடியவை. முன்பல் இரண்டு போனது போனதுதான். கெத்து என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சந்திரிகா ஒருமுறை இணையத்தில் தேடினாள். ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். அப்பாவைக் கேட்டாள்.

"அடிக்கிறவன்கிட்ட இன்னா கீது? கைய வீசுறான், அவ்ளோதான். நான் பத்தடி பறந்து வுழுறேன் பாரு, அங்கேர்ந்து வருது கெத்து."

விழுந்தால், 'கட்' சொல்லும்வரை விரல்கூட அசைக்க மாட்டார். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

அன்று ஹம்சா கொட்டிய தண்ணீர் ராகேஷ் என்பவனின் புது பைக்கில் தெறித்தது. அவன் கூடையை எட்டி உதைத்தான். அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் மீன்மேல் கொட்டியது. கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவனால் நிறுத்த முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்தான்.

சண்முகவேல் நடுவில் புகுந்தார்.

"பொம்பள மேல கத்தி இன்னாத்துக்கு நைனா? கையால என்னிய அடி, பாக்கலாம்."

ராகேஷ் கத்தியைப் போட்டுவிட்டுக் குத்தினான். குத்து தாடையை உரசியது, அவ்வளவுதான். சந்திரிகா தெளிவாகப் பார்த்தாள். சண்முகவேல் எகிறி, தள்ளுவண்டியைத் தாண்டிப் போய் விழுந்தார். மார்க்கெட்டே வாய் பிளந்தது. ராகேஷ் தன் கையை ஒருமுறை பார்த்தான். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பைக்கில் ஏறிப் போனான். ஹம்சா பிழைத்தாள்.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போய்க் குனிந்தாள்.

"கட் நைனா. போய்ட்டான், எந்திரி."

அவர் எழவில்லை. படப்பிடிப்பில் அந்த இடத்தில் மெத்தை இருக்கும். இங்கே கருங்கல் படி. ஒன்றேகால் மீட்டர் உயரம், விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகம். லிஃப்ட் பொறியாளரான அவள் பிறகு போட்டுப் பார்த்தாள். பின்மண்டை பிளந்திருந்தது.

மூன்றாம் நாள் வடபழனியிலிருந்து காஸ்ட்யூமர் ஹபீபுர் ரஹ்மான் வந்தார். ஒரு சட்டையைக் கேட்டார். சண்டைக் காட்சியில் போட்ட சட்டையைப் பொத்தான் தைத்துக் கொண்டுவருவதாக சண்முகவேல் அண்ணன் எடுத்துப் போயிருந்தாராம். காட்சியின் மீதியை வேறு ஆளை வைத்து எடுக்க வேண்டும்.

"ரத்தக்கறைய மட்டும் தொவைச்சிடாதம்மா. அடுத்த ஷாட்லயும் அது அப்டியே இருக்கணும்."

சட்டை கொடியில் கிடந்தது. தைக்காத பொத்தான் இரண்டும் சட்டைப்பையிலேயே இருந்தன.