பெயரில்லாத வைஃபை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் ஒரு சொல்கூடக் கட்டிவிட்டதல்ல. நடந்தது ரூபேந்திரனுக்கு. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே, "வேலவெட்டி இல்லாதவன் பேச்சு" என்று உதட்டைப் பிதுக்குகிறவன் அவன்.

மலேசியாவின் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இஞ்சினியர். அந்த வேலை அவனுக்குக் கேவலம். சிங்கப்பூருக்குப் போய்விட வேண்டும் என்பதே நினைப்பு. கடைசியில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை, இணையத்தில். அதே நாளில், மனைவி லோஷினி செடெனாக் பக்கம் ஒரு முகாம் ரிசார்ட்டில் இடம் பிடித்து வைத்திருந்தாள். விளம்பரத்தில் வைஃபை உண்டு என்று போட்டிருந்ததால் ரூபேந்திரனும் வந்தான்.

வந்ததும் காறித் துப்பாத குறைதான். செம்பனைக் காட்டுக்கு நடுவே நாலு கூடாரம். சாயம் போன பலகை. இதற்குப் பெயர் ரிசார்ட்டாம்!

"வைஃபை எங்க?"

"கவுண்டர் பக்கம் மட்டும்தான் சார். மழை வந்தா அதுவும் போயிடும் லா," என்றார் மேலாளர் குணாளன்.

"அப்புறம் எதுக்கு விளம்பரத்துல போட்டீங்க? வெக்கமா இல்ல?"

குணாளன் பதிவுப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. கவுண்டர் வைஃபை செத்தது. கைப்பேசியில் லைன் சுத்தமாக இல்லை. ரூபேந்திரன் மடிக்கணினியைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு குடையை விரித்தான்.

"மழ விடட்டுமேங்க..."

"நீ பிடிச்ச இடத்தோட லட்சணம் இது. பேசாம இரு."

கடைசிக் கூடாரத்தையும் தாண்டி, ஆற்றோரம் தகரக் கூரை போட்ட ஒரு பொண்டோக் குடிசை இருந்தது. நடுவில் மேசை. இரண்டு பக்கமும் பெஞ்சு. உட்கார்ந்து கணினியைத் திறந்தான். ஒரு வைஃபை தெரிந்தது. முழு லைன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில்... ஒன்றுமில்லை. கடவுச்சொல்லும் கேட்கவில்லை.

'ரகசியமா வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்றானுங்க, திருட்டுப் பயலுங்க' என்று நினைத்தான். இணைத்தான்.

சரியாக ஐந்தரைக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. மூவருக்கும் தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் செம்பனை மரங்கள். போலிப் பின்னணி போலும். 'இவனுங்க ரசனையும் இவ்வளவுதான்' என்று உள்ளுக்குள் சிரித்தான்.

வேலையைப் பற்றிக் கேட்டார்கள். வெளுத்து வாங்கினான்.

இடி இடித்தது. அதே நொடியில்... ஒலிபெருக்கியிலும் அதே இடி.

அவன் நிமிர்ந்தான். திரையில் யாரும் கண் இமைக்கவில்லை.

நடுவில் இருந்தவர் திடீரென்று தமிழில் கேட்டார். "கூட யாரு வந்திருக்கா?"

"என் மனைவி."

"பேரு?"

"லோ... லோஷினி."

"எந்தக் கூடாரம்?"

இது என்ன கேள்வி! ஆனாலும் வேலை வேண்டுமே. கை தானாக உயர்ந்தது. மழைக்குள் கூடாரத்தைக் காட்டினான்.

"சரி. போதும்."

திரை அணைந்தது.

அந்த வைஃபையும் காணவில்லை.

ரூபேந்திரன் குடையைக்கூட விரிக்கவில்லை. கூடாரத்துக்கு ஓடினான். லோஷினி பத்திரமாக மெகி நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வீடு திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் தேநீருக்கு நிறுத்தினார்கள். கைப்பேசியைத் திறந்தான். கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். 'நேற்று உங்களுக்காகக் காத்திருந்தோம். நீங்கள் இணைப்பில் வரவே இல்லை.'

"முட்டாப் பசங்க! அரை மணி நேரம் பேசியிருக்கேன், வரலையாம்!"

லோஷினி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அலமாக்... நேத்து நீங்க இன்டர்வியூவா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"பின்ன?"

"உங்களக் கூப்பிட வந்தேங்க. கம்ப்யூட்டர் மூடித்தான் இருந்துச்சி."

"என்ன உளர்ற?"

"யாரோ தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன். அதான் பக்கத்துல வரல..."

அவள் குரல் இறங்கியது.

"உங்களுக்கு எதிர் பெஞ்சில... மூணு பேரு உக்காந்திருந்தாங்களேங்க."