பிளாஸ்டிக் கத்தியில் ஏழு காய்

பெரும்பொங்கல் அன்று வீட்டில் நான் இருந்தேன். பெரிய மகள் இருந்தாள், பத்து வயது. சின்னவள் இருந்தாள், ஏழு வயது. ஒரத்தநாட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்த என் அக்கா இருந்தாள். என் மனைவி இல்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அக்கா சும்மா வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் பெரியவள் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். மூன்று தையல். நான் வயலில் இருந்தேன். அதிலிருந்து அக்கா போனில் ஒரே பேச்சு. பெண்களைத் தன்னிடம் அனுப்பிவிட வேண்டும், அம்மா வரும்வரை அங்கேயே படிக்கட்டும் என்று. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்கு வா, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

தையல் போட்டதைக் கேட்டு என் மனைவி, ஊருக்கு வந்த ஒருவரிடம் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பிள்ளைகளுக்கென்றே செய்த பிளாஸ்டிக் கத்தி இரண்டு. முனை மழுங்கல், ஓரத்தில் பல். காயை வெட்டும், கையை வெட்டாது. விரலுக்கு முன்னால் மறைப்பாக மாட்டிக்கொள்ளத் தகடு இரண்டு. சின்னக் கைக்கு அடக்கமாகத் தோல் சீவி ஒன்று.

அக்கா கத்தியைத் தன் கையில் இழுத்துப் பார்த்தாள். "ஏன்டா தம்பி, இது சொப்புச் சாமானா?"

"காயெல்லாம் வெட்டும் அத்தை. உங்க கையைத்தான் வெட்டாது" என்றாள் சின்னவள்.

"என் கை காய்ச்சுப்போன கைடி. அருவாளே வெட்டாது."

பொங்கல் கூட்டுக்கு எங்கள் வீட்டில் ஒற்றைப்படையில்தான் காய் போடுவோம். ஏழு வாங்கியிருந்தேன். நாங்களே நறுக்குகிறோம் என்று பெண்கள் இருவரும் அந்தக் கத்தியோடு பலகை முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் காய் கத்தரி. அதிலேயே நின்றுவிட்டது. பெரியவள் கத்தியை வைத்து அமுக்கினாள். தோலில் வழுக்கியது. மறுபடி அமுக்கினாள். மறுபடி வழுக்கியது.

அக்கா அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நகருங்கடி. உச்சிக்குள்ள படைக்கணும்."

பெரியவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

சின்னவள் அவளிடமிருந்து கத்தியை வாங்கினாள். காயைப் பலகையில் வைத்து, தகடு மாட்டிய கையால் பிடித்தாள். அமுக்கவில்லை. கத்தியைத் தன் பக்கமாக இழுத்தாள். காய் இரண்டானது.

"எங்கடி கத்துக்கிட்ட?" என்றாள் அக்கா.

"அப்பா கதிர் அறுக்கிறப்ப இப்படித்தான் இழுக்கும்."

கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்கும் அதே பல்தான். மெஷின் இறங்காத மூலைகளை இன்றும் கையால்தான் அறுக்கிறேன். இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வேலை ஓடியது. கடைசியில் பரங்கிக்காய் நின்றது.

"இதுக்கு என்ன பண்ணுவீங்க? இதை விட்டா ஆறு. ஆறு காயில பொங்கலா?" என்றாள் அக்கா.

நான் வாசலில் வைத்துப் பரங்கியை அரிவாளால் பிளந்தேன். விரல் கனத்துக்குக் கீற்றுப் போட்டேன். அதற்கு மேல் தொடவில்லை. கீற்றுகளை இருவரும் துண்டு போட்டார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ரத்தம் இல்லை.

பெரியவள் பக்குவம் சொல்ல, நான் கிளறி இறக்கினேன். உச்சிக்குள் படைத்தோம்.

"உப்பு கம்மி" என்றாள் அக்கா. பிறகு இலையைத் தள்ளி, "இன்னொரு கரண்டி போடு" என்றாள்.

கை கழுவிவிட்டுக் கேட்டாள். "என்ன தம்பி, அனுப்புறியா?"

"இல்லக்கா."

"வயலுக்குப் போயிடுவ. யாரு பாக்குறது?"

"இன்னைக்குப் பாத்தியே. அதுங்களே பாத்துக்கும்."

அக்கா பலகையில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். "அந்தச் சொப்புக் கத்தியில ஒண்ணு எனக்கும் அனுப்பச் சொல்லு. என் பேத்திக்கு" என்றாள்.

எனக்குப் பெருமைதான். பெண்களிடம் சொல்லவில்லை, பழக்கமில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலு மணி பஸ்ஸில் அக்காவை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மூன்று பேர்.