வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

கடைசியாக அந்தக் குழுவைத் திறந்து பார்த்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் "ஓடினவள்" என்று போட்டிருந்தது. நான் வைத்த பட்டம் இல்லை. போனில் ஆடும் அந்தத் துவக்குச் சண்டை விளையாட்டில் குழுத் தலைவருக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பட்டம் எழுதிவிடும் அதிகாரம் உண்டு. அதை ஏன் வைத்தார்களோ தெரியாது, எங்கள் ஆட்கள் அதை ஒருவரையொருவர் கடித்துக் குதறத்தான் பாவித்தார்கள். அதற்கு முதல் எனக்கு இருந்த பட்டம் "மண்டையில சுடுறவள்". அங்கிருந்து இங்கே இறங்க ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அதுவும் எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு நூறு தரம் வாயில் வருகிற சொல்.

நாங்கள் ஐந்து பேர். தலைவர் சிலாவத்துறைக்காரர், ஐஸ் கொம்பனி ஒன்றில் வேலை. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம். இரண்டாமவர் உயிலங்குளத்து வயல்காரர், வரப்பில் குந்தியிருந்துதான் விளையாடுவார். மூன்றாமவர் கடலுக்கு அந்தப் பக்கம், ராமநாதபுரம். நான்காமவர் வாய் திறக்கவே மாட்டார், மைக்கில் அவர் வீட்டுச் சேவல் மட்டும் கூவும். ஐந்தாவது ஆள் நான், மன்னார்த் தீவின் மேற்குக் கரையில் இருந்து. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கிடைக்காது என்று முடிவு கட்டி வீட்டில் இருந்த இரண்டு வருடமும் பின்னேரம் ஐந்து மணிக்கு நான் அவர்களோடுதான்.

அது அன்பான இடம் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். தோற்றால் யார் தலையில் கட்டுவது என்ற சண்டை தோற்று முடிய முதலே தொடங்கிவிடும். ஆனாலும் நான் துவக்குக்காகப் போகவில்லை, அவர்களுடைய கதைக்காகப் போனேன். வயல்காரர் சுடுபட்டு விழுந்தால், "ஐயோ, என்னை உழுதுபோட்டான்!" என்பார். நான் பிழைவிட்டால் நானா, "புள்ள, கண்ண போனுக்க வச்சிருக்கிறியா, கடல்ல வச்சிருக்கிறியா?" என்பார். பின்னால் நின்று அம்மா, "போன் என்ன உனக்குப் பிறந்த பிள்ளையோ, இடுப்பால இறக்கிறாய் இல்ல?" என்பார். நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து ஒன்பது வயதில் இங்கே வந்தவள். "வரேன்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பு வாங்கி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு "வாறன்" பழகினவள். ஆட்கள் பேசுவதைப் பொறுக்குவதுதான் நான் தானாகப் படித்த படிப்பு.

கல்லூரிக் கடிதம் வந்தது. கணிதப் பிரிவு. திங்கட்கிழமை காலை விடுதிச் சாமானோடு வந்து பதியவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை நான் குழுவில் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. காரணம் இருந்தது. எங்கள் குழு முதல் தடவையாக ஒரு போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. பதிந்த ஐந்து பேர் மட்டும்தான் விளையாடலாம், ஆள் மாற்ற முடியாது. நானா ஒரு வருடமாக அதற்காகவே எங்களை ஏசி ஏசி உருட்டிக்கொண்டு வந்தவர். நாள் இன்னும் சொல்லப்படவில்லை. நான் போகமுதல் போட்டி முடிந்துவிடும் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாள் வந்தது. திங்கட்கிழமை, காலை பத்து மணி.

எங்கள் கரையில் காற்று அடித்தால் போன் திடீரென்று இந்தியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தியாவுக்கு வரவேற்கிறோம்" என்று செய்தி அனுப்பும். அந்த அரை நிமிடத்துக்கு எங்கள் குரல் யாருக்கும் போகாது, மற்றவர்கள் குரல் எங்களுக்கும் வராது. அன்றைக்கும் காற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை எனக்குக் கல்லூரி, போகாவிட்டால் இடம் போய்விடும், இனி என்னால் ஏலாது, என்னில் கோபிக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொல்லிமுடித்தேன். பிறகு எழும்புகிற ஆள் சொல்வதைச் சொன்னேன்: "சரி, அப்ப நான் வாறன்."

எங்கள் பக்கத்தில் போகிறவர் யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், கனடாவுக்குப் போனாலும், "வாறன்" என்றுதான். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பி வந்துவிடவேண்டும். "போறன்" என்று சொல்லும் இடம் ஒன்று எங்கள் வாழ்க்கையில் இல்லவே இல்லை.

என் கதையில் அவர்களுக்குக் கேட்டது கடைசி நாலு சொல் மட்டும். அதற்குச் சற்று முதல் நானா, "திங்கக்கிழமை ஆர் ஆர் வாற? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க," என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி எனக்கு வந்துசேரவில்லை. என் பதில் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு அது தெரியாது. சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெள்ளி முழுக்க ஒரு செய்தியும் இல்லை. போகாதே என்று வேண்டாம், சரி, நல்லாப் படி என்றாவது ஒருவர் சொல்லக்கூடாதா? வாளியும் பாயும் கட்டும்போது ஆத்திரத்தையும் சேர்த்துக் கட்டினேன். இரண்டு வருடம் ஒன்றாகச் செத்துப் பிழைத்த ஆட்களுக்கு நான் போவது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்து நினைத்து, சனிக்கிழமை வரும்போது எனக்குள்ளே வாய் நிறைய நஞ்சு.

சனி பின்னேரம் நானாவின் செய்தி வந்தது. "பயிற்சி. அஞ்சு பேரும் நிக்கணும்." எனக்கு வந்த கோபத்தில் மைக்கைப் போட்டேன்.

"ஆ, வந்திட்டா. திங்கள் ஒம்பதரைக்கே நீ மைக்ல நிக்கணும், சரியா?" என்றார் நானா.

"என்ன நானா, பகிடியோ? எனக்கு அண்டைக்குக் கொலீஜ் எண்டு சொன்னனே. உங்களுக்கு ஒருத்தருக்கும் காது கேக்கேல்லையோ?"

"என்ன கொலீஜ்? ஆர் வாற எண்டு கேட்டன். நீ வாறன் எண்ட. நாலு பேரும் கேட்டம்."

"அது போயிட்டு வாறன் எண்டது."

"போறவ எண்டா போறன் எண்டு சொல்லியிருக்கணும்."

"ஆரின்ர வீட்டில போறன் எண்டு சொல்லுறவை? உங்கட வீட்டில சொல்லுவினமோ?"

"எங்கட வீட்டில இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லுவாங்க," என்றார் நானா. "அந்த ஒரு சொல்லச் சேத்திருந்தா, இவக்கு ஏதோ தடை இருக்கு எண்டு நான் யோசிச்சிருப்பன். நீ அதுகூட இல்லாம ஒரே அடியா வாறன் எண்ட. நானும் நம்பிட்டன்."

எனக்கு அப்போதுதான் நடந்தது விளங்கியது. அந்த இடத்தில் நான் சிரித்திருந்தால் கதை வேறு. சிரிக்கவில்லை.

வயல்காரர் குறுக்கே விழுந்தார். "எடியேய், கடிதம் எப்ப வந்தது?"

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமையா! ரெண்டு கிழமையா எங்களோட இருந்து பல்லைக் காட்டியிருக்கிறாய்!"

ராமநாதபுரத்துக்காரர், "ரெண்டு வாரமா நடிச்சிருக்கா பாருங்க. நல்லா வருவம்மா நீ," என்றார்.

நானா மட்டும் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "சரி விடு. பத்து மணிக்கு ஒரு மூலையில ஒதுங்கி நிண்டு விளையாடு. இருவது நிமிசம்."

"பதியிற வரிசையில நிண்டு சுடச் சொல்லுறீங்களோ?"

"அப்ப உன்ட ஐடியத் தா. வேற ஒருத்தன உன்ட பேர்ல விளையாட விடுறன்."

"பிடிபட்டா அஞ்சு பேரையும் தூக்கிப்போடுவாங்கள். அதோட, அது என்ர பேர். தரமாட்டன்."

"உன்ட பேரா? அந்தப் பேர ஆளாக்கினது ஆரு?"

இதற்குப் பதிலாகத்தான் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். நானா சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் மூன்று தரம் விழுந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பாதி, திரும்பி ஊருக்கு வந்து பாதி என்று பள்ளிக்கூடம் மாறி மாறித் துண்டுபட்ட படிப்பு. அதை அவர் எனக்கு மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தார், மற்றவர்களுக்குத் தெரியாது.

"நீங்கள் கணக்கில மூண்டு தரம் விழுந்ததுக்கு நான் என்ன செய்ய?" என்றேன். "எனக்கெண்டு ஒரு இடம் கிடைச்சிருக்கு. அதையும் கெடுக்கத்தான் நிக்கிறீங்களோ?"

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், "இனி உங்களுக்கு விளங்கிற மாதிரியே சொல்லுறன். போறன். கேட்டுதோ? போறன்," என்று கத்திவிட்டு வைத்தேன்.

குசினிக்குள் இருந்து அம்மா கரண்டியோடு வந்தார். "ஆருக்கடி இந்த வீட்டில நிண்டு போறன் எண்டு சொன்னனீ? நாளையிண்டைக்குப் பயணம் போற பிள்ளைக்கு வாயில வாற சொல்லைப் பார். போய் வாயைக் கொப்பளி."

கொப்பளித்தேன். அதனால் ஒன்றும் போகவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி மண்டபத்துக்குள் போகமுதல் போனை நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தாமல் அம்மாவிடம் கொடுத்தேன். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. உள்ளே சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள், பெயரைக் கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு மணிக்கூடு. பத்து மணியாகும்போது எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். பத்தே காலுக்கு நான் கையெழுத்து வைத்தேன். பெயரைப் பிழையாக எழுதி வெட்டியதை அங்கே இருந்தவர் கண்டு, "பயப்படாதேங்கோ பிள்ளை," என்றார். பயமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அந்த நேரம் என் நாலு பேரும் ஐந்து பேருக்கு நடுவில் நின்று அடிவாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாதி மனம், நல்லா வாங்கட்டும் என்றது. மற்றப் பாதியை நான் கேட்கவில்லை.

வெளியே மரத்தடியில் அம்மா வாளிக்குக் காவல் இருந்தார். "உந்தப் பைக்குள்ள என்ன, வண்டு பிடிச்சு விட்டு வச்சிருக்கிறியோ? ஒரே இரைச்சல். ஆரோ ஒரு தம்பி கோல் எடுத்தவர். நல்ல மரியாதையான பிள்ளை. ‘அவவ ஒருக்கா குடுங்கம்மா’ எண்டார். அவ உள்ளுக்க பதிஞ்சுகொண்டு நிக்கிறா, சாப்பிட்டீங்களோ தம்பி எண்டு கேட்டன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"‘சரியம்மா’ எண்டு வச்சிட்டார். ஆரடி அது?"

போனில் நானாவின் இலக்கம் இருந்தது. தெரிந்த ஒருவர் என்றேன்.

அன்று பின்னேரம் விடுதிக் கட்டிலில் இருந்து செய்திகளைப் பார்த்தேன். பதினேழு நிமிடத்தில் போட்டி முடிந்திருந்தது. வயல்காரர் குரல்செய்தி விட்டிருந்தார்: "வாய்க்காலை அடைச்சுப்போட்டு வந்து நிண்டனான். தண்ணியும் போச்சு, மட்சும் போச்சு. நல்லா இரு, அம்மா. நல்லாப் படிச்சு, இப்பிடியே பிள்ளையளையும் நடுவழியில விட்டிட்டு ஓடப் பழக்கு." ராமநாதபுரத்துக்காரர், "உங்க ஊர்ல வாறன்னா வரமாட்டேன்னு அர்த்தமா? டிக்ஷனரி இருந்தா அனுப்பு," என்று எழுதியிருந்தார். இரண்டு வருடம் வாய் திறக்காத அந்த நான்காவது ஆள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதியிருந்தார், ஒரே சொல்: "சீ."

நானும் விடவில்லை. காது இல்லாதவர்களோடு விளையாடினது என் பிழை என்று எழுதினேன். தோற்பதற்கு நான் இல்லாதது ஒரு சாட்டு, நான் இருந்தபோதும் தோற்றவர்கள்தானே என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, வந்ததற்கு நான் பதில் போட்டேன். கல்லூரியின் முதல் நாலு நாளும் பகலில் புது முகங்களைப் பார்த்துச் சிரித்து, இடைவேளையில் பழைய ஆட்களுக்கு ஏச்சு எழுதினேன். நானா மட்டும் ஒரு எழுத்துப் போடவில்லை. என் பட்டத்தை மாற்றினதோடு சரி.

அவரது பேசாமைதான் என்னைத் தின்றது. போட்டிக்கு வராதது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. கடிதத்தை மறைத்தது பிழை. நம்பிச் சொன்ன ஒன்றை நாலு பேருக்கு முன்னால் எடுத்து எறிந்தது அதைவிடப் பெரிய பிழை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவருக்குத் தனியாக எழுதினேன்: "நானா, கணக்குக் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அது என்ர பிழை. மன்னியுங்கோ. மட்சுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன்."

அடுத்த நாள் மதியம் பதில் வந்தது.

"பரவாயில்ல மிஸ். நீங்க நல்லாப் படியுங்க. எங்கட ஊருலயும் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்லதானே."

மிஸ். எங்கள் பக்கம் படிப்பிக்கும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம், மரியாதைதான். இரண்டு வருடமாக அவர் எனக்குப் புள்ள, நீ, வா, போ. ஏசும்போதும் நீ, காப்பாற்றும்போதும் நீ. இந்த "நீங்க" அவர் வாயில் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மற்ற மூன்று பேரின் ஏச்சுக்கும் என்னிடம் திருப்பிக் கொடுக்க ஏச்சு இருந்தது. இந்த மரியாதைக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இல்லை.

கடைசியில் எழுதினேன்: "நானா, நீ எண்டு சொல்லியே ஏசுங்கோ."

அதற்கு உடனே பதில் வந்தது. "டீச்சர்மாரோட நாங்க அப்பிடிக் கதைக்கிறதில்ல மிஸ்."