ஆகஸ்டில் வெட்டிய லைலாக்

குவைத்துக்கு வந்த முப்பது சொச்சம் வருடங்களில் வசந்தகுமாரி மண்ணில் கைவைத்து ஒரு செடிகூட நட்டதில்லை. இந்தியர்கள் நிறைந்த அப்பாசியா பகுதியில் நான்காவது மாடியில் வீடு. பால்கனி என்று பெயருக்கு ஒன்று இருந்தது. வாஷிங் மெஷினும் கேஸ் சிலிண்டரும் போக ஒரு ஆள் நிற்கலாம். அதில் ஒரு தடவை கறிவேப்பிலைக் கன்று வைத்துப் பார்த்தாள். ஜூன் மாதத்துத் தூசிக்காற்றும், மத்தியானம் குழாயைத் திறந்தால் கொதித்துக்கொண்டு வரும் தண்ணீரும் சேர்ந்து பத்தே நாளில் அதைச் சுள்ளியாக்கிவிட்டன. அத்தோடு விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் உயிரியல் டீச்சர். திருச்சியில் தாவரவியல் படித்தவள். அப்பாசியாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேர், தண்டு, மொட்டு எல்லாவற்றையும் போர்டில் வரைந்துதான் பாடம் நடத்துவாள். பிள்ளைகள் போடும் படத்தில் கோடு கொஞ்சம் கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வாள். வீட்டிலும் அப்படித்தான். அலமாரியில் துண்டுகள் எல்லாம் ஒரே அளவு மடிப்பில் இருக்க வேண்டும். கணவர் உமாபதி ஏசி பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "டீச்சர் பாக்கறாங்க, ரெண்டு பேரும் ஒழுங்கா நில்லுங்க" என்று செருப்பிடமே சொல்லிவிட்டு உள்ளே வருவார்.

ஒரே மகன் ஆதித்யா. குவைத்தில் பிறந்து வளர்ந்தாலும் குடியுரிமை கிடைக்காது, அங்கேயே இருந்துவிட முடியாது என்பது அப்பாசியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் கனடாவுக்குப் படிக்கப் போனான். எட்மன்டன் நகரத்திலேயே வேலையும் கிடைத்தது. போரூர்ப் பெண் ஷ்ருதியைக் கல்யாணம் செய்துகொண்டு, பின்பக்கம் சின்னத் தோட்டம் உள்ள வீடு ஒன்றும் வாங்கினான்.

தோட்டத்தில் செடி வைத்தது ஷ்ருதிதான். அவளும் ஃபிளாட்டில் வளர்ந்தவள். ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கிற ஊர் அது. மைனஸ் முப்பத்தைந்து வரை இறங்கும். அந்தக் குளிரைத் தாங்குகிற செடி எது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள், நர்சரிக்கு மூன்று நடை நடந்தாள். கடைசியில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே மூன்று குட்டை லைலாக் செடி வைத்தாள். இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்து நின்றுவிடும் ரகம். ஜன்னலை மறைக்காது. ஜூன் மாதம் இரண்டு வாரம் இளம் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் வாசனை வீடு முழுக்க வரும் என்று நர்சரியில் சொல்லியிருந்தார்கள். வேலியோரம் பொட்டன்டில்லா நான்கு. அதுவும் குட்டைச் செடிதான். சின்னச் சின்ன மஞ்சள் பூவாகக் கோடை முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஜூன் கடைசியில் வசந்தகுமாரி அங்கே போவாள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் திரும்பிவிடுவாள். குவைத்து வெயிலிலிருந்து போனவளுக்கு அந்தத் தோட்டம் சொர்க்கமாக இருந்தது. காலையில் காபி டம்ளரோடு புல்லில் வெறுங்காலோடு நடப்பாள். களை பிடுங்குவாள், தண்ணீர் ஊற்றுவாள். "நம்ம கைக்கும் மண்ணு ஒட்டுதுங்க" என்று உமாபதிக்கு போன் செய்து சொன்னாள்.

இரண்டாவது வருடம் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, கார் ஷெட்டில் பெரிய கத்தரி ஒன்று தொங்குவதைப் பார்த்தாள். லைலாக் செடிகளில் கிளைகள் திசைக்கொன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. குவைத்தில் ரவுண்டானாக்களில் செடியெல்லாம் பந்து மாதிரி வெட்டிவிட்டிருப்பது அவள் நினைவுக்கு வந்தது. முதலில் பொட்டன்டில்லாவை வெட்டினாள். பிறகு லைலாக்குக்கு வந்தாள். சத்தம் கேட்டு ஷ்ருதி கைத்துண்டோடு ஓடி வந்தாள்.

"அத்தை, இத வெட்ட வேணாமே."

"வெட்டிவிட்டாத்தாம்மா நல்லாத் துளிர்க்கும். பனி விழறதுக்கு முன்னாடி அடக்கமா இருக்கட்டும்."

"இல்ல, நர்சரில என்ன சொன்னாங்கன்னா..."

"நான் பாட்டனி படிச்சவம்மா" என்று சிரித்தாள் வசந்தகுமாரி. கோபமாகச் சொல்லவில்லை. உரிமையாகத்தான் சொன்னாள். ஷ்ருதி கைத்துண்டை மடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வசந்தகுமாரி மூன்றையும் வட்டமாக வெட்டி முடித்து, விழுந்த கிளைகளைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டுக் கட்டி, ஆதித்யாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "சூப்பர்மா, செம நீட்" என்றான் அவன்.

அடுத்த வருடம் பொட்டன்டில்லா முன்பைவிட அதிகமாகப் பூத்தது. தான் வெட்டியதால்தான் என்று அவளுக்குப் பெருமை. லைலாக் பச்சையாக, உருண்டையாக, பூத்து முடிந்த சுவடுகூட இல்லாமல் நின்றது. அந்த வருடமும் வெட்டினாள். அதற்கடுத்த வருடமும் வெட்டினாள். புறப்படுவதற்கு முன் மகன் வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு வருகிற வேலைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஷ்ருதி பிறகு எதுவும் சொன்னதில்லை. கத்தரிச் சத்தம் கேட்கிற நாளில் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பாள்.

ஜூன் மாதம் அப்பாசியாவிலிருந்து வீடியோ காலில் வசந்தகுமாரி கேட்பாள்: "லைலாக் பூத்துச்சாம்மா?"

"இல்ல அத்தை."

"தண்ணி பத்தலையோ என்னமோ. நீங்க ரெண்டு பேரும் வேல வேலன்னு ஓடறீங்க, யாரு ஊத்தறா? நான் வந்து பாத்துக்கறேன்."

ஷ்ருதி தலையை ஆட்டுவாள்.

கொரோனா வந்தது. குவைத்தில் ஊரடங்கு, விமானம் இல்லை. இரண்டு கோடை வசந்தகுமாரி எங்கேயும் போகவில்லை. நான்காவது மாடியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கேமராவை அணைத்துவைத்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். இரண்டாவது கோடையில், ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஷ்ருதி ஒரு போட்டோ அனுப்பினாள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே இலையே தெரியாத அளவுக்கு ஊதாப் பூ. கிளைகள் பாரம் தாங்காமல் சாய்ந்திருந்தன.

வசந்தகுமாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கூப்பிட்டாள். "என்னம்மா பண்ணின? என்ன உரம் போட்ட?"

"ஒண்ணும் பண்ணல அத்தை" என்றாள் ஷ்ருதி.

குரலில் குத்தல் இல்லை. போனை வைத்த பிறகு வசந்தகுமாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூங்கொத்து ஒவ்வொன்றும் கிளையின் நுனியில்தான் இருந்தது. போன வருடம் வளர்ந்து யாரும் தொடாமல் விட்ட கிளையின் நுனியில். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தச் செடி அடுத்த ஜூனில் பூக்க வேண்டிய மொட்டை இந்தக் கோடையிலேயே கட்டி வைத்துக்கொள்கிறது. மொட்டோடுதான் அத்தனை குளிரையும் தாங்குகிறது. ஆகஸ்டில் நுனியை வெட்டினால் அடுத்த வருடப் பூவை வெட்டியதாகிவிடும். பொட்டன்டில்லா அப்படி இல்லை. அந்த வருடத் துளிரில் அந்த வருடமே பூப்பது. அதை வெட்டலாம். இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டியிருக்கிறாள்.

அன்று ராத்திரி தட்டை நகர்த்திவிட்டு அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். "ஒரு செடிக்கு இவ்வளவா?" என்றார் உமாபதி.

"செடிக்கு இல்லீங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்ல வந்தா. நான் பாட்டனி படிச்சவன்னு சொல்லி வாயை அடச்சுட்டேன்."

"போன் பண்ணி சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போறப்ப சொல்லிக்கறேன்."

அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. அடுத்த கோடையில் உமாபதிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். போக முடியவில்லை. நடுவில் எத்தனையோ தடவை போனில் பேசினார்கள். நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள். மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த நவம்பரில் ஆதித்யா கூப்பிட்டு, ஷ்ருதி தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள் என்றான். சண்டை இல்லையாம். "ஒத்து வரலம்மா, தட்ஸ் இட்" என்றான்.

அடுத்த மார்ச்சில் வசந்தகுமாரி ஓய்வு பெற்றாள். பள்ளிக்கூட லீவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. முதல்முறையாக ஜூன் இரண்டாம் வாரமே எட்மன்டனில் போய் இறங்கினாள். வீட்டு முன்னால் விற்பனைக்கு என்று போர்டு நட்டிருந்தது. பின்பக்கம் போனாள். மூன்று லைலாக்கும் பூத்துக் குலுங்கின. வாசனை மூச்சை முட்டியது. சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. ஆதித்யாவுக்கு அது பூத்திருப்பதே கவனத்தில் இல்லை.

"உனக்குத் தெரியுமாடா, நான் வெட்டினதாலதான் இது பூக்கலன்னு?"

அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "தெரியும்மா. ஷ்ருதி சொன்னா. நீயே அம்மாகிட்ட சொல்லுன்னு ஒவ்வொரு வருஷமும் என்கிட்ட சொல்வா."

"ஏன் சொல்லல?"

"நீ வர்றதே ரெண்டு மாசம். ஏதோ ஆசையா செய்யற. உன் மனச ஏன் கஷ்டப்படுத்தணும்னு..." என்று இழுத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஒரு செடிக்குக்கூட எனக்காக நீ வாயத் திறக்க மாட்டியான்னு என்கிட்ட அழுதாம்மா ஒரு தடவ. நான் அப்ப சிரிச்சேன்."

வசந்தகுமாரி மகனைப் பார்த்தாள். திட்டத்தான் நினைத்தாள். ஆனால் அம்மா மனம் கோணக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து அவனை அடக்கி அடக்கி வளர்த்தது யார்? டீச்சர் வீட்டுப் பிள்ளை எதிர்த்துப் பேசாது என்று ஊரெல்லாம் பெருமை பேசியது யார்?

சனிக்கிழமை ஷ்ருதி வந்தாள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும், மீதி இருந்த இரண்டு பெட்டிகளை எடுக்கவும் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். "எப்படி இருக்கீங்க அத்தை? மாமா முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வசந்தகுமாரி அவள் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

"ஷ்ருதி, நான் செஞ்சது தப்பும்மா. மூணு வருஷம் உன் பூவ வெட்டிப் போட்டேன். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. என்னை மன்னிச்சிரும்மா."

ஷ்ருதி லைலாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"நானும் கத்தரிய வாங்கி வச்சிருக்கலாம் அத்தை. ஒரு தடவ சொன்னேன். அப்புறம் சொல்லாம இருந்தது என் வீம்பு. ஆதி சொல்றானா பாக்கலாம்னு வருஷா வருஷம் பாத்தேன். உங்கள வச்சு அவனுக்குப் பரீட்சை வச்சேன். அதுவும் தப்புதான்."

"அவன் சொல்லியிருந்தா..."

"அது ஒண்ணுக்காக நான் போகல அத்தை. அந்த மாதிரி நிறைய இருந்துச்சு."

வசந்தகுமாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஒரு செடிய எடுத்துட்டுப் போயேன். நான் வேரோட தோண்டித் தர்றேன்."

"பூ இருக்கறப்ப தோண்டினா தாங்காது. இலை உதிர்ற சமயத்துல எடுக்கணும். அப்ப வீடு வேற யாரோடதோ." பிறகு சேர்த்துச் சொன்னாள். "நான் இப்ப ஏழாவது மாடி அத்தை. பால்கனில சூட்கேஸ் வைக்கத்தான் இடம் இருக்கு."

போகும்போது ஒரு கொத்துப் பறித்துத் தரட்டுமா என்று கேட்டாள் வசந்தகுமாரி. ஷ்ருதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தானே நுனியைப் பார்த்து, கீழே ஒரு கணு விட்டு, நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டாள்.

வசந்தகுமாரி ஜூலையில் திரும்பினாள். அதற்கு முன்னால் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ஜன்னலுக்குக் கீழே உள்ள செடிகளைப் பூ முடிந்த உடனே வெட்டினால் வெட்டுங்கள், ஜூலைக்குப் பிறகு தயவுசெய்து தொடாதீர்கள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள். அதைக் கார் ஷெட்டில் கதவின் உள்பக்கம் நான்கு மூலையும் டேப் போட்டு ஒட்டினாள். வாங்கப்போகிறவர்கள் யார் என்று தெரியாது. படிப்பார்களா என்றும் தெரியாது.

குவைத்து ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் உமாபதி காரை ஓட்டிக்கொண்டே கேட்டார். "நீ வெட்டாம இருந்திருந்தா மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்திருப்பாங்களா வசந்தா?"

"தெரியாது" என்றாள் அவள். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. "ஆனா அந்தப் பொண்ணு அந்த மூணு ஜூன் மாசமும் ஜன்னலத் திறந்து வச்சுருப்பா."

செப்டம்பரில் வீடு கைமாறியது என்று ஆதித்யா மெசேஜ் அனுப்பினான். செடிகளைப் பற்றி அவன் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.